வீட்டுல நாலு பேருக்கும் காது மூக்கு தொண்டை பிரச்சினைனா யாரை முதல்ல கூட்டிட்டு போறது?

தங்கச்சி, நீங்க எழுதினத முழுசா படிச்சேன். நாலு வயசு மகளுக்கு சளி புடிக்கிற நேரமெல்லாம் வலது காது ஒழுகுது, மாமியார் தேங்காயெண்ணய சுடவச்சு ஊத்துறாங்க, பெரிய புள்ளயானா சரியாப்போயிரும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் தேயில பெக்டரில வேலை, அவருக்கு பீனிசம். மாமியாருக்கு காது மந்தம். எல்லாத்துக்கும் கடைசில ஒரே வரில மாமனாருக்கு ரெண்டு மாசமா குரல் கட்டியே இருக்கு, நோவு ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கீங்க. ஒரு நாள் வேலைக்கு போகலன்னா பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போயிரும், மலையகத்து மஸ்கெலியாவுல இருந்து இறங்கி வர காசும் வேணும், அதனால யாரை முதல்ல காட்டுறதுன்னு கேக்குறீங்க.

முதல்ல மாமனார். அதுக்கு அடுத்தது மகள். மத்த ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுக்கலாம். நான் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளர்ந்தவ, ஈ.என்.டி கிளினிக்ல நர்ஸா வேலை செய்றவ, நம்ம ஆளுங்க எந்த வியாதிக்கு ஓடி வருவாங்க, எதுக்கு வரமாட்டாங்கன்னு எனக்கு நல்லா தெரியும். நோவு இருந்தா வருவாங்க, நோவு இல்லாட்டி வரமாட்டாங்க. காது மூக்கு தொண்டையில இந்தக் கணக்கு நம்மள ரொம்ப ஏமாத்திப்போடும், ஏன்னா இதுல பயங்கரமான வியாதி பலதுக்கு ஆரம்பத்துல நோவே கிடையாது, ராத்திரி பூரா கத்தவைக்கிற காது நோவு ரெண்டு மூணு நாள்ல தானாவே அடங்கிப்போகும்.

மாமனார் விஷயத்த சொல்றேன். குரல் கட்டினது மூணு வாரத்துக்கு மேல போச்சுன்னா, அதுவும் பீடி சுருட்டு குடிக்கிற, வெத்தில போடுற, வயசான ஆளுன்னா, குரல் நாண கண்ணால பார்த்தே ஆகணும். வெளிய இருந்து தொண்டைய டோர்ச் அடிச்சு பார்த்தா அது தெரியாது. மூக்கு வழியா மெல்லிசா ஒரு கேமரா குழாய உள்ள விட்டு பார்ப்பாங்க, மூக்குக்கு மரத்துப்போற மருந்து அடிச்சிட்டு தான் விடுவாங்க, கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், வார்ட்ல நிக்க தேவையில்ல. நெறைய பேருக்கு நெஞ்செரிச்சல் புளிப்பு மேல ஏறுறது, சத்தம் போட்டு பேசி நாண்ல வீக்கம், இந்த மாதிரி சாதாரண காரணமா தான் இருக்கும், அப்படி இருந்தா நிம்மதி. ஆனா குரல் நாண்ல வர்ற புத்துநோயோட முதல் அடையாளமும் இதே குரல் கட்டு தான். இந்த இடத்துல வந்தா ஆரம்பத்துலயே குரல் மாறி காட்டிக்குடுத்துரும், அந்த நேரமே வந்தா கதிர் வைத்தியத்தாலயோ சின்ன ஒப்பரேசனாலயோ பெரும்பாலானவங்களுக்கு முழுசா குணமாகும், குரலும் அனேகமா தப்பும். ஆறு மாசம் எட்டு மாசம் இஞ்சித் தேத்தண்ணியும் பாமசி மாத்திரையுமா இழுத்துட்டு மூச்சு வாங்குற நேரத்துல வந்தா குரல் பெட்டியவே எடுக்கவேண்டி வரும், கழுத்துல ஓட்டை போட்டு அது வழியா தான் மூச்சு விடணும். ரெண்டும் ஒரே வியாதி, வந்து காட்டுற நாள் தான் வித்தியாசம்.

காசநோயும் குரல் நாண்ல வரும், நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி குரலுக்கு போற நரம்ப அழுத்தினாலும் குரல் போகும். அதனால சளி டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க சொன்னா தொண்டைக்கு வந்தா நெஞ்ச ஏன் படம் புடிக்கிறாங்கன்னு யோசிக்காம எடுத்துருங்க. இன்னொன்னும் அவர்கிட்ட கேட்டு பாருங்க, காதுக்குள்ள குத்துதான்னு. காது நல்லா இருக்கும், ஆனா தொண்டையில இல்ல நாக்கு அடியில இருக்கிற புண்ணோட நோவு காதுல தெரியும், நரம்பு அப்படி ஓடுது. வயசான, வெத்தில பீடி பழக்கம் உள்ள ஆளுக்கு ஒரு பக்க காது குத்திட்டே இருந்து காத பார்த்தா ஒண்ணுமே இல்லன்னா டாக்டர் தொண்டைய தான் தேடுவாரு. கழுத்துல கட்டி, சோறு இறங்க கஷ்டம், உடம்பு வத்துறது, எச்சில்ல ரத்தம், இதுல ஏதாவது இருந்தா அந்த வாரமே போங்க. மூச்சு இழுக்கும்போது கொர்ருனு சத்தம் வந்தா அன்னிக்கே போகணும், 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல.

வெத்தில பத்தி ஒரு வார்த்தை, யாரையும் குத்தம் சொல்ல எழுதல. காலைல பனிக்குளிர்ல வெறும் வயித்தோட மலை ஏறி நிக்கிறவங்களுக்கு அந்த ஒரு வாய் வெத்தில தர்ற சூடு என்னன்னு எங்க அம்மாவ பார்த்து வளர்ந்த எனக்கு தெரியும். ஆனா பொகயில போடல, வெறும் பாக்கும் சுண்ணாம்பும் தான்னு சொல்றவங்களுக்கு தெரியவேண்டியது என்னன்னா, உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ல வெளியிட்ட அறிக்கையிலயே பொகயில இல்லாம பாக்கு தனியாவே புத்துநோய் வரவைக்கும்னு உறுதியா சொல்லிட்டாங்க. இலங்கை ஆம்பளைங்களுக்கு வர்ற புத்துநோய்ல வாய்ப்புத்துநோய் தான் முன்னுக்கு நிக்குது. வீட்டுல இருக்கிற எல்லா வெத்தில போடுறவங்களையும் வெளிச்சத்துல வாய திறக்க சொல்லி பாருங்க, கன்னத்துக்கு உள்பக்கம், நாக்கோட ஓரம், நாக்கு அடி. வெள்ளையா இல்ல செவப்பா படை, மூணு வாரமா ஆறாத புண், காரம் பட்டா எரிச்சல், இதெல்லாம் காட்டவேண்டியது. மூணு விரல ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கவச்சு வாய்க்குள்ள விட முடியணும், முடியலன்னா வாய் இறுகிட்டு வருதுன்னு அர்த்தம், அது புத்துநோய்க்கு முந்தின படி. அந்த நேரத்துல நிப்பாட்டினாலும் லாபம் தான்.

பொம்பளைங்களுக்கும் ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்லமாட்டாங்க. ரத்தசோகை ரொம்ப நாளா இருக்கிற பொம்பளைக்கு சோறு ரொட்டி தொண்டையில நிக்கிற மாதிரி இருந்தா, தண்ணி குடிச்சு குடிச்சு முழுங்கினா, அது களைப்பால வர்றதுன்னு விடக்கூடாது. இரும்புச்சத்து குறைவால தொண்டையோட கீழ்ப்பகுதில மெல்லிசா ஒரு சவ்வு மாதிரி வரும், அத கவனிக்காம விட்டா பின்னாடி அந்த இடத்துலயே புத்துநோய் வர்ற வாய்ப்பு கூடும். கொழுந்து எடுக்கிற நம்ம அக்கா தங்கச்சிமார்ல எத்தன பேருக்கு ரத்தம் குறைவுன்னு கிளினிக் கொப்பிய திறந்து பார்த்தாலே தெரியும், இரும்பு மாத்திரைய கேட்டு வாங்கி ஒழுங்கா குடிங்க, தேத்தண்ணியோட மட்டும் குடிக்காதீங்க, சாயம் அந்த இரும்ப உடம்புல சேர விடாது.

இப்ப மகளோட காது. இது தான் நீங்க நெறைய எழுதி கேட்டது, நானும் நெறைய சொல்லணும்.

மூக்கோட பின்பக்கத்துல இருந்து நடுக்காதுக்கு ஒரு சின்ன குழாய் போகுது. நுவரெலியாவுல இருந்து பஸ்ல ரம்பொட வழியா இறங்கும்போது காது அடைச்சு, எச்சில் முழுங்கினா டப்புனு திறக்குதே, அது இந்த குழாய் திறக்கிறது தான். பெரியவங்களுக்கு அது சரிவா நீளமா இருக்கும், சின்ன புள்ளைங்களுக்கு கட்டையா படுக்கையா இருக்கும், அதனால தடிமல் புடிச்சா மூக்குல இருக்கிற கிருமி சுகமா காதுக்கு போயிரும். உள்ள சீழ் கட்டி செவிப்பறைய தள்ளும்போது தான் அந்த ராத்திரிக் கத்தல். பறை கிழிஞ்சு சீழ் வெளிய வந்ததும் நோவு நின்னுரும், புள்ள தூங்கிரும், அம்மாவும் சரியாப்போச்சுன்னு நெனைப்பா. சாதாரணமா அந்த கிழிசல் தானா மூடிக்கும். ஆனா திரும்ப திரும்ப நடந்தா மூடாம ஓட்டையா நின்னுரும், உங்க மகளுக்கு அப்படித்தான் ஆகியிருக்கணும்னு நீங்க எழுதினத வச்சு நெனைக்கிறேன், காத பார்க்காம முடிவா சொல்லமாட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல காது ஒழுகினா அது நாள்பட்ட காது வியாதி. பெருசானா சரியாப்போகும்ங்கிறது சளியோட வர்ற காது நோவுக்கு ஓரளவு உண்மை, ஒழுகுற காதுக்கு பொய். ஒழுகுற காது கேக்குறது குறையும், கேக்குறது குறைஞ்சா பேச்சு பிந்தும், ஸ்கூல்ல பின்பெஞ்சில உக்காந்து டீச்சர் சொல்றது பாதி விளங்காம இருக்கும், அப்புறம் அந்த புள்ளைக்கு படிப்பு வராதுன்னு பேர் வச்சிருவாங்க. எனக்கு இதுல தான் கோவமே வரும். உலக சுகாதார அமைப்பு 2021ல வெளியிட்ட செவிப்புலன் அறிக்கைல புள்ளைங்களுக்கு வர்ற கேள்வித்திறன் குறைவுல நூத்துக்கு 60 தடுக்கக்கூடிய காரணத்தால தான் வருதுன்னு இருக்கு, அதுல இந்த காது ஒழுகுறதும் ஒண்ணு. டிவி சத்தத்த கூட்டுறாளா, பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்புறாளா, இன்னிக்கே கவனிச்சு பாருங்க.

எண்ணெய நிப்பாட்டுங்க. மாமியார் அன்பா தான் ஊத்துறாங்க, அவங்க அம்மா அவங்களுக்கு ஊத்தியிருப்பாங்க, அவங்ககிட்ட சண்டை போடாம காரணத்த சொல்லுங்க: பறையில ஓட்டை இருந்தா ஊத்துறது நேரா நடுக்காதுக்கு போகும், எண்ணெயோட கிருமியும் போகும். தாய்ப்பால், வெங்காயச்சாறு, பூண்டெண்ண எதுவும் வேணாம். அதுக்கு பதிலா செய்யவேண்டியது காத காயவைக்கிறது. சுத்தமான மெல்லிசு பருத்தித்துணியையோ நல்ல டிஷ்யூவையோ திரி மாதிரி முறுக்கி, காதுவாசல்ல மெல்ல வச்சு அது நனையும் வரைக்கும் விட்டு எடுத்து புதுசு வைங்க, திரி காய்ஞ்சு வரும் வரைக்கும் இப்படியே. ஒரு நாளைக்கு மூணு தடவ. குச்சில சுத்தி வைக்காதீங்க. காய்ஞ்சதுக்கு அப்புறம் தான் டாக்டர் தர்ற சொட்டு மருந்து, பொதுவா சிப்ரோபுளொக்சசின் சொட்டு, ரெண்டு வாரம் போடணும். சீழ் நெறைஞ்ச காதுல மருந்து விட்டா அது போகவேண்டிய எடத்துக்கு போகாம வெளிய வழிஞ்சிரும், மருந்து கேக்கலன்னு சொல்ற பாதிப்பேர் இந்த காயவைக்கிற வேலைய செய்யாதவங்க தான். சொட்டு விட்டதும் காதுக்கு முன்னாடி இருக்கிற சின்ன குருத்த நாலஞ்சு தடவ அமுக்குங்க. மருந்து போத்தல கைக்குள்ள வச்சு உடம்பு சூட்டுக்கு கொண்டுவந்துட்டு விடுங்க, குளிர்ந்த மருந்து காதுல பட்டா புள்ளைக்கு தல சுத்தும், நம்ம ஊர் குளிருக்கு இது முக்கியம். பீலியில, அதாவது மலைத்தண்ணி விழுற குழாய்ல, குளிக்கும்போது பஞ்சுல வேசலின் தடவி காத அடைச்சிருங்க, ஆத்துல முங்கவேணாம்.

நோவு காய்ச்சலுக்கு பரசிட்டமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம். ரெண்டு வயசுக்கு குறைஞ்ச புள்ளைக்கு ரெண்டு காதுலயும் வந்தா, இல்ல காது ஒழுகினா, இல்ல ரெண்டு மூணு நாள்ல அடங்கலன்னா எண்டிபயோடிக் தேவைப்படும். போன தடவ மிச்சம் இருந்த சிரப்ப குடுக்காதீங்க.

ஒழுகுறதுல மணம் இருக்கான்னு பாருங்க. கெட்ட நாத்தத்தோட கொஞ்சமா, மருந்து போட்டும் நிக்காம வடிஞ்சா அது வேற வகையா இருக்கலாம், கொலஸ்டியட்டோமான்னு சொல்றது. பேர கேட்டு கொழுப்புன்னு நெனைக்கவேணாம், தோல் உள்ள வளர்ந்து உருண்டையா திரண்டு சுத்தி இருக்கிற எலும்ப அரிச்சிட்டே போகும். பக்கத்துல முகத்துக்கு போற நரம்பு, மேல மூளை. இதுக்கு சொட்டு மருந்து பத்தாது, ஒப்பரேசன் தான். காதுக்கு பின்னால வீங்கி காதுமடல் முன்னுக்கு தள்ளினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் தலையிடியோட வாந்தி எடுத்தாலோ, தலை சுத்தி நடக்கமுடியாம போனாலோ அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி, விடியட்டும்னு பார்க்கக்கூடாது. சாதாரண ஓட்டை தான்னா முதல்ல காத காயவச்சு, கேக்குற டெஸ்ட் எடுத்து, புள்ள எட்டு பத்து வயசு ஆனப்புறம் தோல் ஒட்டி மூடுவாங்க, நல்லாவே வரும்.

அடுப்புப் புகையும் காரணம் தான். லயத்து காம்பராவுக்குள்ள வெறகு எரிச்சா புகை போக வழியில்ல, புகைல இருக்கிற புள்ளைக்கு சளியும் காதும் அடிக்கடி வரும், பீடிப் புகையும் அப்படித்தான். சின்னக் குழந்தைய படுக்கவச்சு போத்தல்ல பால் குடுக்காதீங்க, தலைய தூக்கி புடிச்சு குடுங்க, தோட்டத்து பிள்ளைக் காம்பராவுல புள்ளைங்கள பார்த்துக்கிற அம்மாகிட்டயும் சொல்லிவைங்க. தாய்ப்பால் குடிச்ச புள்ளைக்கு காது வியாதி குறைவு. தடுப்பூசிய தவறவிடாதீங்க, ஒம்பது மாசத்துலயும் மூணு வயசுலயும் போடுற எம்.எம்.ஆர் ஊசில இருக்கிற தட்டம்மை, கன்னக்கட்டு, ருபெல்லா மூணுமே காத செவிடாக்கக்கூடிய வியாதி. கர்ப்பத்துல ருபெல்லா வந்து செவிடா பொறந்த புள்ளைங்க முந்தி எத்தன பேர், இலங்கைல அந்த வியாதிய ஒழிச்சாச்சுன்னு 2020ல உலக சுகாதார அமைப்பே சொல்லிருச்சு, அது ஊசி போட்டதால வந்த பலன். ஆறு மாசக் குழந்தை சத்தத்துக்கு திரும்பலன்னா, ஒன்றரை வயசுல ஒரு சொல்லும் வரலன்னா மிட்வைஃப் மிஸ்கிட்ட சொல்லி காது டெஸ்ட் கேளுங்க. அப்பனும் பிந்தி தான் பேசினான்னு விட்டு போன வருசங்கள திரும்ப புடிக்க ஏலாது, பேச்சு படிய வேண்டிய வயசு முதல் மூணு வருசம்.

வயசு வித்தியாசம் இல்லாம நம்ம பக்கம் வர்ற ரெண்டு விஷயத்த இங்கயே சொல்லிர்றேன். ஒண்ணு காதுக்குள்ள உண்ணி. இலங்கைல இது சாதாரணமா பார்க்கிறது, கொழுந்து மலைல, காட்டு ஓரத்துல, மாட்டுப்பட்டி பக்கத்துல நிக்கிறவங்களுக்கு கண்ணுக்கே தெரியாத சின்ன உண்ணி காதுக்குள்ள போய் கடிச்சிட்டு நிக்கும், நோவு தாங்கமுடியாது, உள்ள ஏதோ பிராண்டுற மாதிரி சத்தம். ஊக்கு, கொண்டை ஊசி, நெருப்புக்குச்சி எதையும் விடாதீங்க, இழுத்தா உண்ணியோட வாய் தோலுக்குள்ள நின்னுரும், பறையும் கிழியும். டாக்டர் மரக்கவச்சு கருவி வச்சு எடுப்பாரு. கரப்பான், எறும்பு மாதிரி நடமாடுற பூச்சின்னா, காது முந்தி ஒழுகினதே இல்லன்னா மட்டும், ரெண்டு மூணு சொட்டு எண்ணெய் விட்டா அது செத்துரும், அப்புறம் வந்து எடுத்துக்கலாம். ரெண்டாவது மூக்குக்குள்ள அட்டை. மலைல கால்ல ஏறுற அட்டை வேற, இது ஓடைத் தண்ணில இருக்கிற சின்ன அட்டை, குனிஞ்சு ஓடைல வாய்வச்சு தண்ணி குடிக்கும்போது, முகம் கழுவும்போது உள்ள போயிரும், அங்கயே ரத்தம் குடிச்சு பெருசாகும். ஒரே பக்க மூக்குல அடிக்கடி ரத்தம் வருது, உள்ள ஏதோ நெளியுதுன்னு யாராவது சொன்னா கற்பனைன்னு நெனைக்காம கூட்டிட்டு வாங்க.

சின்ன புள்ளைக்கு ஒரே ஒரு பக்க மூக்குல நாத்தத்தோட சளி வந்தா உள்ள ஏதோ போட்டிருக்குன்னு தான் நாங்க முதல்ல நெனைப்போம், மணி, புளியங்கொட்டை, கடலை, ஸ்பொஞ்சு. கடலையும் கொட்டையும் ஊறி வீங்கும், தண்ணி அடிக்காதீங்க. விளையாட்டுச் சாமான்ல, ரிமோட்ல இருக்கிற பொத்தான் மாதிரி பட்டரி மூக்குலயோ காதுலயோ தொண்டைலயோ போனா அது ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தசைய எரிக்க ஆரம்பிச்சிரும், அதுக்கு கிளினிக் நாள் பார்க்கவேணாம், நேரா அவசர பிரிவு. மூக்குல ரத்தம் வடிஞ்சா தலைய பின்னுக்கு சாய்க்காம முன்னுக்கு குனிஞ்சு, மூக்கோட மெதுவான பகுதிய பத்து பதினஞ்சு நிமிசம் விடாம புடிங்க, நடுவுல எடுத்து எடுத்து பார்க்காதீங்க. வயசானவங்களுக்கு நிக்காம வடிஞ்சா பிரசர் பார்க்கணும், ஆஸ்பத்திரிக்கு வரணும்.

டான்சில் பத்தியும் கேட்டிருந்தீங்க, வெட்டுறதா வேணாமான்னு. வருசத்துக்கு ஏழு தடவ, இல்ல ரெண்டு வருசம் தொடர்ந்து அஞ்சஞ்சு தடவ, இல்ல மூணு வருசம் தொடர்ந்து மும்மூணு தடவ, காய்ச்சலோட நல்லா வந்தா தான் வெட்டுறது பத்தி பேச்சு, அதுக்கு குறைவுன்னா வளர வளர குறையும். ஆனா புள்ள வாயத் திறந்து தூங்கி, சத்தமா குறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு திணறினா கணக்கே வேற, அது மூக்குக்கு பின்னால இருக்கிற அடினொயிட் சதையும் சேர்ந்து மூச்ச அடைக்கிறது, அத காட்டுங்க. தொண்டை நோவுக்கு டாக்டர் பென்சிலின் பத்து நாள் எழுதினா மூணாம் நாள் சுகமாச்சுன்னு நிப்பாட்டாதீங்க, அந்தக் கிருமி மிச்சம் இருந்தா மூட்டு வாதக்காய்ச்சலாகி இதய வால்வ கெடுக்கும்.

வீட்டுக்காரருக்கு வருவோம். பீனிசம்னு நம்ம சொல்றதுல ரெண்டு மூணு வியாதி கலந்து கிடக்கு. காலைல எந்திரிச்சதும் தொடர்ச்சியா தும்மல், தண்ணி மாதிரி ஓடுறது, மூக்கு கண் அரிப்புன்னா அது ஒவ்வாமை. சலிக்கிற காம்பராவுல பறக்கிற தேயிலத் தூசி, ஈரக் கம்பளி, வெறகுப் புகை எல்லாம் அத கிளப்பும். முகம் பாரமா, மஞ்சள் பச்சை சளி பத்து நாளுக்கு மேல, மணமே தெரியலன்னா சைனஸ் பக்கம் போகுது. ரெண்டுக்கும் அடிப்படை வைத்தியம் உப்புத்தண்ணியும் ஸ்ப்ரேயும். அரை லீட்டர் கொதிச்சு ஆறின தண்ணில ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து குனிஞ்சு நின்னு மூக்க கழுவட்டும், பீலித் தண்ணிய கொதிக்கவைக்காம மூக்குல விடவே கூடாது. அப்புறம் டாக்டர் குடுக்கிற ஸ்டீரோய்ட் ஸ்ப்ரே, வலது மூக்குக்கு இடது கையாலயும் இடது மூக்குக்கு வலது கையாலயும் புடிச்சு, நடு எலும்ப பார்த்து அடிக்காம வெளிப்பக்கம் காதுப் பக்கமா பார்த்து அடிக்கணும், நல்லா உறிஞ்சக்கூடாது. ஒரு வாரம் அடிச்சிட்டு பலனில்லன்னு போடுறாங்க, அது வேலை செய்யவே ஒண்ணு ரெண்டு வாரம் எடுக்கும், மாசக்கணக்கா அடிக்கலாம், பயமில்ல. பயப்படவேண்டியது பாமசில வாங்குற, அடிச்ச உடனே மூக்கு திறக்கிற சொட்டுக்கு தான். அஞ்சு நாளுக்கு மேல அத அடிச்சா மூக்கு அதுக்கு பழகி, அது இல்லாம திறக்காம போயிரும், வருசக்கணக்கா அந்தச் சின்ன போத்தல சட்டைப்பையில வச்சிட்டு திரியுற ஆளுங்கள பார்த்திருக்கேன். ஆவி புடிக்கிறது பெரியவங்களுக்கு சரி, புள்ளைங்களுக்கு கொதிதண்ணி சட்டி வேணாம், கவுந்து வெந்து வந்த புள்ளைங்க இருக்கு. மூக்குக்குள்ள தைலம் தடவுறதும் வேணாம்.

அவர் ரோலர், டிரையர் பக்கத்துல நிக்கிறவரா? கை நீட்டினா தொடுற தூரத்துல நிக்கிற ஆளோட பேச கத்தவேண்டி இருந்தா அந்த சத்தம் 85 டெசிபல் அளவுல இருக்கும், எட்டு மணித்தியாலம் அதுல நின்னா வருசக்கணக்குல காது போகும், போனது திரும்பாது. பஞ்சு வச்சா தடுக்காது, காதுக்கு வைக்கிற பிளக்கோ மஃப்போ பெக்டரில கேட்டு வாங்க சொல்லுங்க, கேக்குறது அவரோட உரிமை.

மாமியாருக்கு முதல்ல குறும்பி இருக்கான்னு பார்க்கணும், சில பேருக்கு அத எடுத்ததுமே பாதி காது திரும்பி வரும். தேயிலக்குச்சி, பட் எதாலயும் தோண்டாம, கொஞ்ச நாள் டாக்டர் சொல்ற சொட்டு விட்டு ஊறவச்சு கிளினிக்ல எடுத்துக்கலாம். குறும்பி இல்லன்னா வயசால வர்ற நரம்புத் தேய்மானம், காது டெஸ்ட் எடுத்து மெசின் வைக்கலாம். மெசின் வச்ச முதல் மாசம் எல்லா சத்தமும் இரைச்சலா இருக்கும், பெட்டியில வச்சு பூட்டிராம நாளைக்கு கொஞ்சம் கொஞ்சமா போட்டு பழக்குங்க. அவங்ககிட்ட கத்தாதீங்க, முகம் பார்த்து நிதானமா பேசுங்க. காது கேக்காத வயசானவங்கள சும்மா ஒரு ஓரமா உக்காரவைக்கிறது தான் நம்ம வீடுகள்ல நடக்கிறது, பேச்சு குறைஞ்சா ஞாபகமும் சேர்ந்து குறையும். ஆனா யாருக்காவது, எந்த வயசுலயும், காலைல எந்திரிக்கும்போது ஒரு காது திடீர்னு கேக்காம போனா அது அவசரம். சளி அடைச்சிருக்குன்னு ஒரு மாசம் இருக்காதீங்க, ஸ்டீரோய்ட் மருந்த முதல் சில நாள்ல, கூடிப்போனா ரெண்டு வாரத்துக்குள்ள தொடங்கினா தான் திரும்பிவர வாய்ப்பு. படுக்கைல புரண்டா மட்டும் ஒரு நிமிசத்துக்கு குறைவா உலகமே சுத்துதுன்னா அது பெரும்பாலும் உள்காதுல சின்ன கல்லுத் துணுக்கு இடம் மாறினது, தலைய ஒரு முறைப்படி திருப்பி படுக்கவச்சு எடுக்கிற எப்லி முறைல கிளினிக்லயே சரிபண்ணுவாங்க, மாசக்கணக்கா தலைச்சுத்து மாத்திரை குடிக்கத் தேவையில்ல.

போற வழிய சொல்றேன். தோட்டத்து டிஸ்பென்சரிலயோ டிக்கோயா ஆஸ்பத்திரிலயோ முதல்ல காட்டி, மாமனாருக்கும் மகளுக்கும் ஒரே நாளுக்கு ஈ.என்.டி கிளினிக்குக்கு அனுப்புற துண்டு கேளுங்க, அப்ப ஒரு பேர் தான் போகும். ஈ.என்.டி கிளினிக் நுவரெலியா, கண்டி, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகள்ல இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரின்னா காசில்ல. கிளினிக் நாள கேட்டுட்டு போங்க, தினமும் இருக்காது. வீட்டுலயே ஒரு தாள்ல எழுதிக்கங்க: எப்ப தொடங்கினது, எந்த காது, என்ன மருந்து போட்டது, மாமனார் எத்தன வருசமா பீடி வெத்தில, சீனி பிரசர் இருக்கா, வேற என்ன மாத்திரை. சிங்களம் சரளமா வராட்டி அந்தத் தாள நீட்டுங்க, இல்ல தமிழ் தெரிஞ்ச நர்ஸ கேளுங்க, கேக்க வெக்கப்படாதீங்க. பழைய கொப்பி, மருந்து போத்தல் எல்லாத்தையும் கொண்டுபோங்க. மகளோட காத ரெண்டு நாளைக்கு முந்தியே திரி வச்சு காயவச்சு கூட்டிட்டு போனா டாக்டருக்கு பறை தெளிவா தெரியும், இன்னொரு தடவ வர சொல்லமாட்டாங்க. மாமனார் எனக்கு ஒண்ணுமில்லன்னு வர மறுத்தா பேத்திக்கு துணைக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டு போங்க, துண்டு உங்க கையில இருக்கட்டும்.